உப்புக் காற்றின் மேல் போடும் பழி

தூத்துக்குடியில் கட்டிப் பத்து வருஷம் ஆகாத வீட்டில் சன்ஷேடு பெயர்ந்து விழுந்தால் யாரும் கொத்தனாரைக் கேட்பதில்லை. "கடக்கர ஊரு அண்ணாச்சி, உப்புக் காத்து சும்மா விடுமா?" என்று அவரே முந்திக்கொள்வார். வீட்டுக்காரரும் தலையாட்டிவிடுவார். காற்றிடம் யாரும் நஷ்டஈடு கேட்கப் போவதில்லை என்பதால் இந்தப் பதில் எல்லோருக்கும் வசதி.

விழுந்த துண்டைக் கையில் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். கம்பி கிடந்த பள்ளம் காவியேறி இருக்கும். நகத்தால் சுரண்டினால் துரு தகடு தகடாக உதிரும். அந்தப் பள்ளத்துக்கும் வெளிப்பூச்சுக்கும் நடுவில் எவ்வளவு கான்கிரீட் இருந்தது என்று ஸ்கேல் வைத்து அளந்தால், பல வீடுகளில் ஒரு விரல் கனம்கூடத் தேறாது. சில இடங்களில் கம்பி பூச்சைத் தொட்டுக்கொண்டே கிடந்திருக்கும். அதே வீட்டில் கம்பி ஆழமாக உட்கார்ந்த பில்லர் மட்டும் நன்றாக நிற்கும். இரண்டுக்கும் ஒரே காற்றுதான்.

நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கி வைக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு போய்ச் சேர்ந்ததும் அந்தப் படலம் உடைகிறது. துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாததால் கான்கிரீட்டைப் பிளக்கும். ஆக, கம்பிக்கு மேலே எத்தனை மில்லிமீட்டர் கனம் என்பதுதான் வீட்டின் ஆயுள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 (2000)-இன்படி, கடலோரச் சூழலுக்கு நேராகத் திறந்திருக்கும் கான்கிரீட்டில் இது 45 மில்லிமீட்டர். கடல் சாரல் படும் இடத்தில் 50. உப்புக் காற்று நேராகப் படாத உட்பகுதிக்கு 30 போதும். உள்நாட்டு ஊர்களில் தளத்துக்கு வைக்கும் 20 மில்லிமீட்டர் பழக்கத்தையே இங்கேயும் வைப்பதுதான் கோளாறின் ஆரம்பம். அதையும் கம்பியைத் தாங்கும் கவர் பிளாக் வைத்துச் செய்வதில்லை. கையில் கிடைத்த ஜல்லிச் சில்லைக் கம்பிக்கு அடியில் செருகுகிறார்கள். நாலு பேர் கம்பி மேல் ஏறி நடந்ததும் சில்லு நகர்ந்து, கம்பி பலகையில் படுத்துவிடும். மொத்த வீட்டுக்கும் கவர் பிளாக்குக்கு ஆகும் செலவு, கிரகப்பிரவேசப் பந்தலுக்கு ஆகும் செலவைவிடக் குறைவு. கான்கிரீட் போடும் காலையில், கலவை வருவதற்கு முன் நீங்களே குனிந்து பார்த்துவிடுங்கள். கலவை விழுந்த பிறகு எந்த இன்ஜினியராலும் பார்க்க முடியாது.

"கலவைக்கு லாரித் தண்ணி, நனைக்கப் போர் தண்ணி போதும்" என்பது அடுத்த நம்பிக்கை. இது பாதி தெரிந்தவர்கள் சொல்வது, அதனால் இன்னும் மோசம். புதுக் கான்கிரீட் தண்ணீரைக் குடிக்கும். வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு உள்ளேயே தங்கும். நாள்தோறும் காலையும் மாலையும் ஊற்றினால் அத்தனை முறையும் தங்கும். அதனால்தான் கடல் தண்ணீரைக் கலப்பதற்கு மட்டுமல்ல, நனைப்பதற்கும் வேண்டாம் என்கிறது ஐஎஸ் 456. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல் கூடாது. கடல் தண்ணீரில் ஏறக்குறைய 19,000.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் சிமெண்ட், மணல், ஜல்லி, தண்ணீர் எல்லாம் சேர்ந்து கொண்டுவரும் குளோரைடு 600 கிராமைத் தாண்டக் கூடாது. 320 கிலோ சிமெண்ட் போட்டால் 144 லிட்டர் தண்ணீர் வேண்டும். லிட்டருக்கு 5 கிராம் குளோரைடு உள்ள போர் தண்ணீராக இருந்தால் தண்ணீரிலிருந்தே 720 கிராம் வந்துவிடுகிறது. கடல் காற்று படுவதற்கு முன்பே வீட்டுக்குள் உப்பு குடியேறியாயிற்று. நாக்கில் வைத்துப் பார்ப்பது சோதனை ஆகாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்து, குளோரைடு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

அளவும் முக்கியம். ஒரு மூட்டை சிமெண்ட்டுக்கு 22 லிட்டரைச் சற்றுத் தாண்டலாம், அவ்வளவுதான். ஈர மணலில் இருக்கும் தண்ணீரும் இந்தக் கணக்கில் சேரும். "இன்னும் ரெண்டு வாளி ஊத்துனாத்தான் ஓடும்" என்று ஊற்றும் தண்ணீரெல்லாம் பின்னால் நுண்துளையாகி உப்புக்கு வழிவிடும். கலவை ஓடவில்லையென்றால் வைப்ரேட்டர் வாடகைக்கு எடுங்கள்.

கடல் மணலை ஒரு மழைக்காலம் குவித்துப் போட்டால் உப்பு போய்விடும் என்பார்கள். மேல் அடுக்கில் போகலாம். குவியலின் அடிவயிற்றில் போகாது. எம் சாண்ட் வாங்குங்கள், இதில் விவாதத்துக்கு ஒன்றுமில்லை.

சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட்டைப் பார்த்து மூக்கைச் சுளிப்பவர்கள் இந்த ஊரில்தான் அதிகம். அனல்மின் நிலையத்தின் சாம்பல் நம் கண்ணெதிரே பறப்பதால் வந்த இளக்காரமாக இருக்கலாம். "53 கிரேடுதான் ஸ்ட்ராங்கு, பிபிசி கலப்படம்" என்கிறார்கள். கலப்படமல்ல, 35 சதவீதம் வரை உலர்சாம்பல் சேர்க்கத் தர விதியே இடம் கொடுக்கிறது. அந்தச் சாம்பல் கான்கிரீட்டுக்குள் மெதுவாக வினைபுரிந்து நுண்துளைகளை அடைக்கிறது. குளோரைடு உள்ளே போகும் வேகம் குறைகிறது. உப்புக் கரையில் வீடு கட்டுபவருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு நிபந்தனை உண்டு. இது நிதானமாக இறுகும் சிமெண்ட். ஏழு நாளில் நனைப்பதை நிறுத்தக் கூடாது; குறைந்தது பத்து நாள், நம் ஊர் வெயிலுக்குப் பதினாலு நாள். செண்டரிங்கையும் அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது.

"அந்தக் காலத்துப் பவளக்கல் வீடு நூறு வருஷமா நிக்குதே, அதே காத்துதானே?" என்று ஒரு பெரியவர் கேட்டால் பதில் சொல்லத் திணற வேண்டாம். நியாயமான கேள்விதான், அவர் சொல்வது உண்மையும்கூட. 1713-இல் எழுந்த பனிமய மாதா கோயிலும் அதே காற்றில்தான் நிற்கிறது. அந்தக் காலச் சுண்ணாம்புக் கட்டடங்களில் கான்கிரீட்டுக்குள் புதைந்த கம்பி கிடையாது. பிளக்க இரும்பு இல்லாத சுவரில் உப்பு பூச்சைத்தான் உதிர்க்கும், சுவரைச் சாய்க்காது. அதைப் பார்த்துவிட்டு, இடித்த வீட்டுப் பவளக்கல்லை வாங்கிவந்து புது பீமுக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டினால் கல்லிலுள்ள உப்பு கம்பியைத் தேடி வரும். புதிதாக வெட்டிய கல்லுக்கோ வழியே இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் கடலுக்குள் போனதில் பவளப்பாறை வெட்டியதற்குப் பெரும் பங்கு உண்டு. தூத்துக்குடிக்கு எதிரே தேய்ந்துவந்த வான் தீவைக் காப்பாற்றச் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். 2001 முதல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

சூட்டைப் பற்றி இரண்டு நம்பிக்கைகள். சீலிங்கை உயர்த்திவிட்டால் வீடு குளிர்ந்துவிடும் என்பது ஒன்று. ஒரு அடி உயர்த்தினால் மின்விசிறியின் கம்பி ஒரு அடி நீளும். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் ராத்திரியில் கீழ்நோக்கித்தான் அதைக் கக்கும். தளம் குடிக்காமல் தடுக்க வேண்டும். உச்சிவெயிலில் உப்பு அம்பாரம் கண்ணைக் கூசவைக்கும், பக்கத்துத் தார் ரோடு காலைப் பொசுக்கும். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும் என்பதை உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். மொட்டை மாடியில் வெள்ளைத் தட்டோடு பதிக்கலாம். முடியாதவர்கள் வருஷம் ஒருமுறை கோடைக்கு முன் சுண்ணாம்பு அடிக்கலாம். இன்னொன்று, உப்பு வரும் என்று கிழக்கு ஜன்னலை அடைப்பது. கடலை ஒட்டிய முதல் சில தெருக்களைத் தாண்டிவிட்டால் காற்றிலுள்ள உப்பு மளமளவென்று குறைந்துவிடும். சாயங்காலக் கொண்டல் காற்றை அடைத்துவிட்டு ஏசி வாங்குவானேன்? ஜன்னல் கம்பியை மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

"வறண்ட ஊருக்குப் பேஸ்மெண்ட் உயரம் எதுக்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் இதே மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் பெய்த மழை ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். மேலே சொல்ல ஒன்றுமில்லை.

நமக்கு வீட்டில் சூடாக்க வேண்டியது குளிக்கும் தண்ணீர் ஒன்றுதான். அதற்கு சோலார் ஹீட்டர் இங்கே சரிவராது, உப்புத் தண்ணீர் தின்றுவிடும் என்கிறார்கள். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் தோற்பது வெயிலால் அல்ல, தொட்டியால். செப்புக் குழாய்த் தட்டு வகையில் கடின நீரின் காரை உள்ளே படிந்து அடைக்கும். கண்ணாடிக் குழாய் வகையைக் கழற்றிக் கழுவ முடியும். சில்வர் தொட்டி என்றாலே துருப்பிடிக்காது என்று நம்பாதீர்கள். குளோரைடு மிகுந்த சூடான தண்ணீர் அதிலும் பொட்டுப் பொட்டாய் ஓட்டை போடும். உட்பக்கம் பூச்சுள்ள தொட்டியாகக் கேளுங்கள், உள்ளே மெக்னீசியம் கோல் இருக்கிறதா என்று கேளுங்கள். தொட்டிக்குப் பதிலாக அந்தக் கோல்தான் கரையும். கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். விற்கும்போது பலர் அதைச் சொல்வதில்லை, ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லி அப்போதே பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.