தீக்காயம்: வலி இல்லை என்றால் காயம் சிறியதா?



2021 பிப்ரவரி 12 அன்று நம் அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பலர் தீக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பட்டாசுதான் நம் பகுதிக்குச் சோறு போடுகிறது. அதனால் தீக்காய வலியைப் பற்றி நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

வலி எப்படித் தெரிகிறது?

நம் தோலில் நரம்பு நுனிகள் உள்ளன. சூடு பட்டதும் அவை சேதி அனுப்பும். சேதி நரம்பு வழியே முதுகிலுள்ள தண்டுவடத்துக்குப் போய், அங்கிருந்து மூளைக்குப் போகும். அப்போதுதான் 'ஐயோ, சுடுதே' என்று நமக்குத் தெரியும். அதற்கு முன்பே தண்டுவடம் கையை இழுக்கச் சொல்லிவிடும். சூடான சட்டியைத் தொட்டதும் கை தானாக விலகுவது இதனால்தான்.

வலி இல்லாவிட்டால்?

மேல்தோல் மட்டும் வெந்தால் எரிச்சல் தாங்காது. தீ ஆழமாக இறங்கினால் நரம்பு நுனிகளே கருகிவிடும். பிறகு சேதி அனுப்ப ஆளில்லை. தோல் வெளுத்தோ கருகியோ, தொட்டால் உணர்ச்சி இல்லாமல் இருந்தால் அதுதான் பெரிய காயம். "வலியே இல்லக்கா, வீட்டுக்குப் போறேன்" என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

வலி எப்படிக் குறைகிறது?

* தண்ணீர்: தீ அணைந்ததும் காயத்தின்மேல் 20 நிமிடம் சாதாரணத் தண்ணீரை ஊற்றுங்கள். சூடு உள்ளே இறங்காது, வலியும் குறையும். ஐஸ், இங்க், பேஸ்ட், மாவு எதுவும் வேண்டாம்.
* வளையல், மோதிரம்: வீங்குவதற்குள் கழற்றுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள்.
* மாத்திரை: இபுபுரூஃபன் போன்றவை, காயத்தில் சுரந்து நரம்பு நுனிகளைத் தூண்டுகிற பொருளைக் குறைக்கும். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் வயிறு புண்ணாகும்.
* மரத்துப்போகும் ஊசி: சேதியை நரம்பிலேயே நிறுத்திவிடும்.
* மார்பின்: தண்டுவடத்திலும் மூளையிலும் வலியை அடக்கும். டாக்டர்தான் கொடுக்க வேண்டும்.

மருந்து வலியைத்தான் குறைக்கும், காயத்தை ஆற்றாது. மாத்திரை போட்டதும் வலி போய்விட்டது என்று சிகிச்சையைப் பாதியில் விடக்கூடாது.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நம் வேலை இடத்தில் அறைக்குப் பக்கத்திலேயே தண்ணீர் இருக்கிறதா?
2. தீக்காயத்துக்கு நம் வீட்டில் என்ன தடவுகிறோம்? அதை நிறுத்தலாமா?
3. வலி இல்லாத தீக்காயத்துக்கு ஏன் முதலில் ஆஸ்பத்திரி போக வேண்டும்? ஒவ்வொரு உறுப்பினரும் சொல்லிப் பாருங்கள்.