அளந்து கட்டப்பட்ட அலங்கம்

வேதபகுதி: நெகேமியா 2, 3, 6 அதிகாரங்கள்



சபைக் கமிட்டி கூடும்போது மினிட்ஸ் நோட்டில் என்ன எழுதுகிறோம்? "சந்திப்பு ஊழியம் பலப்பட வேண்டும்" என்று எழுதுகிறோம். எல்லாரும் ஆமென் சொல்லி, ஜெபித்து, டீ குடித்துவிட்டுப் போகிறோம். அடுத்த மாதம் கேட்டால், செய்தோம் என்றும் சொல்ல முடியாது, செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. அதற்குள் ஒரு விதவைத் தாயார் நாலு மாசமாய் ஆராதனைக்கு வரவில்லை. அவர் போவார் என்று இவரும், இவர் போவார் என்று அவரும் இருந்துவிடுகிறார்கள். நான் பார்த்த பல கமிட்டிகளின் நிலைமை இதுதான்.

நெகேமியா எப்படிச் செய்தார்?

1. நிலைமையை அறிந்தார். ராத்திரியிலே போய் இடிந்த அலங்கத்தைப் பார்வையிட்டார் (2:13-15). நாமும் ரிஜிஸ்டரை எடுத்து, வராதவர்களைப் பெயர் பெயராய் எழுத வேண்டும்.

2. யாருக்கு எவ்வளவு என்று இருந்தது. ஆனூனும் சானோவாகின் குடிகளும் பள்ளத்தாக்கு வாசலையும் 1000 முழ மதிலையும் கட்டினார்கள் (3:13).

3. காலம் குறித்தார். எவ்வளவு நாள் செல்லும் என்று ராஜா கேட்டபோது பதில் சொன்னார் (2:6). அலங்கம் 52 நாளில் முடிந்தது (6:15).

4. முடிந்ததையும் முடியாததையும் உள்ளபடி சொன்னார். அலங்கம் எழும்பியும், வாசல்களுக்குக் கதவு போடவில்லை என்று மறைக்காமல் எழுதுகிறார் (6:1).

இப்போது நம்முடைய தீர்மானத்தைத் திருத்தி எழுதுவோம்: "மூன்று மாதம் ஆராதனைக்கு வராத 24 குடும்பங்களை, 6 ஜோடிகள், ஜோடிக்கு 4 வீடாக, ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31-க்குள் சந்தித்து ஜெபிப்பார்கள். சந்தித்த தேதியையும் அவர்கள் தேவையையும் நோட்டில் எழுதுவார்கள்." இதை யாரும் அளந்து பார்க்கலாம்.

"பிரதர், ஆவியானவர் நடத்துவார், கணக்கு எதுக்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. பவுல் நட்டார், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினார்; விளையச்செய்தவர் தேவன் (1 கொரி. 3:6). ஆகவே "24 குடும்பமும் திரும்பி வரும்" என்று எழுதாதீர்கள், அது தேவனுடைய பங்கு. அதை ஜெபக்குறிப்பில் வையுங்கள். "24 வீட்டுக்கும் போவோம்" என்பது நம்முடைய பங்கு. அதைத் தீர்மானத்தில் எழுதுங்கள். போகாமல் இருந்துவிட்டு, கர்த்தர் சித்தம் என்று சொல்லக் கூடாது.

நூறு ஆடுள்ள மேய்ப்பன் ஒன்று காணாமற்போனதை எப்படி அறிந்தான் (லூக். 15:4)? எண்ணினதால்தானே! எண்ணாதவனுக்கு 99-ம் மந்தைதான்.

அடுத்த கமிட்டியில் ஒவ்வொரு தீர்மானத்தையும் நாலு கேள்வி கேளுங்கள்: யார்? என்ன? எத்தனை? எப்போதைக்குள்? பதில் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கர்த்தர்தாமே நம் கைகளின் கிரியையைத் திடப்படுத்துவாராக. ஆமென்.