பரிவு நரம்பும் இரத்த அழுத்தமும்

கல்லணை மதகுகளில் ஷட்டரைச் சற்றே இறக்கினால் கீழே ஆற்றில் நீர் குறையும். மேலே அணையோரம் நீர்மட்டம் ஏறும். காவிரிப் படுகையில் வளர்ந்தோர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. நம் உடலில் இம்மதகுகளின் வேலையைச் செய்பவை நுண்தமனிகள். அவற்றின் சுவரை மென்தசை வளையமாகச் சூழ்ந்துள்ளது. அத்தசை சுருங்கிக் குழாயின் ஆரம் பாதியானால், இரத்த ஓட்டத்திற்கான தடை 16 மடங்காகிறது. இதயம் முன்போலவே இறைத்துக்கொண்டிருக்க, பெருந்தமனிகளில் அழுத்தம் உயர்கிறது.

மதகை இறக்கும் ஆள் யார்? முகுளத்திலிருந்து புறப்படும் ஆணை தண்டுவடம் வழியாகப் பரிவு நரம்புகளை அடைகிறது. நரம்பு முனை நார் அட்ரீனலின் என்னும் பொருளைச் சொரிய, தசை சுருங்குகிறது. (இப்பொருளே பரிவு நரம்பின் தூதுவன் என்று 1946இல் காட்டிய சுவீடன் நாட்டு ஆய்லர், 1970இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.) அதே நரம்புகள் இதயத்தை விரைவாக்குகின்றன, சிறுநீரகத்தை ரெனின் சுரக்கச் செய்து, உப்பையும் நீரையும் உடலில் தங்கவைக்கின்றன. தெருவில் மாடு முட்ட வரும்போது இவ்வேற்பாடு நம்மைக் காக்கிறது. மாடு போன பின்பும் ஆணை ஓயாதிருப்பின் அதுவே நோய். உயர் அழுத்தத்திற்குக் காரணம் இது ஒன்றே அன்று. ஆயினும் பலரிடம், சிறப்பாகப் பருத்த உடலினரிடம், இந்நரம்புகள் மிகையாக இயங்கக் கண்டுள்ளனர்.

இதனை விளங்கவைத்ததில் நம் நாட்டு வேர் ஒன்றுக்குப் பெரும் பங்குண்டு. அதுவே சர்ப்பகந்தி. 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் அது பித்துக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் பயன்படுவதை எழுதினர். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், 50 நோயாளிகளிடம் தாம் கண்ட பயனை 1949இல் பிரித்தானிய இதய மருத்துவ ஏட்டில் வெளியிட்ட பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் பாசெல் நகரின் சீபா நிறுவனத்தார் அவ்வேரிலிருந்து ரெசர்பைனைப் பிரித்தெடுத்தனர்.

நரம்பு முனையில் நார் அட்ரீனலின் சிறு பைகளில் சேமிக்கப்படுகிறது. பைக்குள் அதை ஏற்றும் வாயிலை ரெசர்பைன் அடைத்துவிடுகிறது. வெளியே நின்ற சரக்கை நொதி சிதைத்துவிடும். ஆணை வருகிறது; கொடுக்கச் சரக்கில்லை. மதகு திறந்தபடியே நிற்க, அழுத்தம் இறங்குகிறது.

ஆனால் மூளையின் நரம்புகள் பலவும் இத்தகைய பைகளையே நம்பியுள்ளன. அவையும் காலியாயின. மூக்கடைப்பு, தூக்கக் கலக்கம், சிலரிடம் கடும் மனச்சோர்வு என்று 1950களிலேயே செய்திகள் வந்தன. 'நாட்டு வேர்தானே' என்று கடையில் வாங்கிப் பொடித்து உண்பார் இதை அறிந்திருத்தல் நலம். இன்று ரெசர்பைன் அருகியே வழங்குகிறது. பின்வந்த மருந்துகளுட் சில, சரக்கைத் தொலைக்காமல் அதை வாங்கும் ஏற்பிகளை மட்டும் மறிக்கின்றன. சிறுநீரகத் தமனியைச் சூழ்ந்த பரிவு நரம்புகளையே வெப்பத்தால் முடக்கும் இரு கருவிகளுக்கு 2023இல் அமெரிக்க அரசு இசைவளித்தது. அதனால் இறங்கும் அழுத்தம் சராசரியில் சில மில்லிமீட்டரே. பெரும்பாலோர் மாத்திரையை விட முடிவதில்லை.