லிதியமும் மார்லகல்லாப் பாறைகளும்

உலோகம் என்றதும் கனமான பொருளே நினைவுக்கு வருகிறது. ஆனால் லிதியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.53 கிராமே, அதாவது தண்ணீரின் அடர்த்தியில் ஏறக்குறையப் பாதி. சோடியத்தை மண்ணெண்ணெயில் அமிழ்த்திப் பாதுகாப்பதைப் பள்ளி மாணாக்கரும் அறிவர். லிதியத்தை அவ்வாறு இட்டால் அது மேலே மிதந்து காற்றுக்கு இரையாகிவிடும். ஆகையால் அதன்மீது வாஸலின் பூசியோ, ஆர்கான் வாயுவில் அடைத்தோ வைப்பது வழக்கம்.

இதன் அணு எண் 3. கத்தியால் வெட்டத்தக்க மென்மையுடையது. சுமார் 180 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும். 1817ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆர்ப்வெட்சன் இத்தனிமத்தைப் பெட்டலைட் என்னும் கனிமத்தில் கண்டறிந்தார். கல்லைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே இதன் பெயருக்கு மூலம்.

இயந்திரங்களுக்கான மசகுப்பொருள், மனநோய் மருந்து முதலியவற்றில் லிதியச் சேர்மங்கள் பயன்பட்டு வந்துள்ளன. எனினும் இன்று இதற்குள்ள மதிப்பு மின்கலத்தினால் வந்ததேயாகும். எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும் இயல்பும் இலேசான எடையும் ஒருங்கே அமைந்திருப்பதால், குறைந்த எடையில் மிகுந்த மின்னாற்றலைச் சேமிக்க முடிகிறது. பெங்களூரில் உருவாகி 2008இல் விண்ணிற் சென்ற சந்திரயான்-1 கலமும் லிதியம்-அயனி மின்கலத்தையே தாங்கிச் சென்றது.

அந்நகரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், மாண்டியா மாவட்டத்தின் மார்லகல்லாப் பகுதியில், பெக்மடைட் பாறைகளில் லிதியம் இருப்பதை அணுசக்தித் துறையின் கனிம ஆய்வாளர்கள் கண்டனர். 2020இல் அங்கே 14,100 டன் லிதியம் இருக்கலாம் என்ற மதிப்பீடு வெளியாயிற்று. இந்த எண் கிடைத்த வழி வகுப்பறைக்கு நல்ல கணக்காகும். முதலில் மதிப்பிடப்பட்டது 30,300 டன் லிதியம் ஆக்ஸைடு. அந்த ஆக்ஸைடின் மூலக்கூறில் இரண்டு லிதிய அணுக்களும் ஓர் ஆக்ஸிஜன் அணுவும் உள்ளன. எடையில் 30 பங்குக்கு 14 பங்கே உலோகம். ஆக்ஸைடையும் உலோகத்தையும் ஒன்றாக எண்ணுவோர் இருமடங்குக்கு மேல் தவறிவிடுவர்.

மதிப்பீடும் நிலைக்கவில்லை. 2021இல் மத்திய அரசு பாராளுமன்றத்தில் அறிவித்த அளவு 1,600 டன். அதுவும் ஊகித்தறிந்த வகையைச் சேர்ந்தது. மேற்பரப்பிலும், ஓரளவே நிலத்தடியிலும் நடந்த ஆய்வின் முடிவு அது. ஒரு மின்காருக்கு 8 கிலோ லிதியம் என்று கொண்டு, ஒரு கிராமும் வீணாகாமல் எடுத்தாலும் இரண்டு இலட்சம் கார்களோடு தீர்ந்துபோகும். புறக்கணிக்கத்தக்க அளவன்று, எனினும் முதற்செய்தி எழுப்பிய ஆரவாரத்துக்கு ஈடானதுமன்று.

எடுப்பதும் எளிதன்று. லிதியத்தைத் தாங்கிய முக்கியக் கனிமமான ஸ்போடுமினை அமிலம் எளிதில் தாக்குவதில்லை. அதைச் சுமார் 1,050 டிகிரியில் சுட்டால் படிக அமைப்பு விரிந்து இளகுகிறது. பின்னரே கந்தக அமிலத்துடன் வறுத்து, நீரில் கரைத்து, சோடியம் கார்பனேட்டைச் சேர்த்து லிதியம் கார்பனேட்டாகப் படியவைக்க முடியும்.

களத்தில் ஸ்போடுமினைப் பெல்ட்ஸ்பாராகக் கருதி ஒதுக்கிவிடுவதும் உண்டு. கையில் தூக்கிப் பார்ப்பது பயன்தரும்: பெல்ட்ஸ்பாரின் அடர்த்தி சுமார் 2.6, ஸ்போடுமினுக்கோ 3.1க்கு மேல். மிக இலேசான உலோகம் கனத்த கல்லில் குடியிருப்பது ஒரு வேடிக்கையே. ஊதுகுழல் சுவாலையில் அதன் சிறு துண்டு வெளுத்துப் பொங்கி, சுவாலையைச் செந்நிறமாக்கும். சோடியம் கலந்திருப்பின் மஞ்சள் ஒளி அச்சிவப்பை மறைத்துவிடுமாதலால், சோதனையை ஒருமுறையோடு நிறுத்திவிடலாகாது.