இரவில் விலங்கு பார்க்க எந்த டார்ச்?

இரவில் விலங்கு பார்க்கக் கிளம்பும் கல்லூரிப் பிள்ளைகளின் கையில் இப்போதெல்லாம் இரண்டே வகை டார்ச்சைத்தான் பார்க்கிறேன். ஒன்று, எதிர்மலையையே வெளுக்க வைக்கும் யூடியூப் வீடியோவைப் பார்த்து வாங்கியது. இன்னொன்று, "பூச்சி பொட்டு கிடக்கும், பெருசாவே வச்சுக்க" என்று அப்பா வாங்கிக் கொடுத்த சார்ஜ் லைட். நார்த்தாமலைப் பக்கத்துப் புதர்க்காடானாலும் திருமயம் வட்டாரக் கண்மாய்க்கரையானாலும் இரண்டும் உதவுவதில்லை. காசைக் கொட்டி வாங்கியவர்கள் ஒரு மரநாயைக்கூடப் பார்க்காமல், "நம்ம பக்கம் ஒண்ணுமே இல்ல" என்று திரும்பிப் போகிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

நடப்பதற்கு ஒரு சின்ன நெற்றி லைட் போதும். 50 முதல் 100 லுமன் வெளிச்சத்தில் காலடியில் கிடக்கும் கட்டுவிரியனும் சுருட்டைவிரியனும் தெளிவாகத் தெரியும். கூடவே கணுக்காலை மூடும் ஷூ இருந்தால் அப்பாவின் கவலையும் தீர்ந்தது. பாறையில் தேள் பார்க்க ஆசையென்றால், ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா டார்ச் ஒன்று வாங்குங்கள். கருந்தேளும் அந்த ஒளியில் பச்சை நீலமாக ஒளிரும்.

யோசித்து வாங்க வேண்டியது, விலங்கைத் தேடும் டார்ச்தான். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் லுமன் என்பது டார்ச்சிலிருந்து வெளியேறும் மொத்த வெளிச்சம். ஒரே திசையில் அது எவ்வளவு செறிவாகப் போகிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. நாம் பார்க்க வேண்டியது இதைத்தான். வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடத்தைத்தான் தயாரிப்பாளர்கள் 'எட்டும் தூரம்' என்று போடுகிறார்கள். அது ஏறக்குறைய முழுநிலா வெளிச்சம். கணக்குப்படி 10,000 கேண்டெலா டார்ச் 200 மீட்டர் எட்டும். ஆனால் நிலா வெளிச்சத்தில் 200 மீட்டர் தள்ளி நிற்பது நரியா நாயா என்று யாரால் சொல்ல முடியும்? பாதி தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தை இரட்டிப்பாக்கக் கேண்டெலா நான்கு மடங்காக வேண்டும். காசு கரைவது அங்கேதான். ஆலங்குடிப் பக்கத்து முந்திரிக்காட்டிலோ தைலமரத் தோப்பிலோ பார்வை முப்பது நாற்பது மீட்டரைத் தாண்டாது. வற்றிய கண்மாய்க்குள் மட்டும்தான் நூறு மீட்டர் வேண்டியிருக்கும். நம் மாவட்டத்துக்கு 10,000 கேண்டெலா தாராளம்.

பிறகு எதற்கு அந்த யூடியூப் டார்ச்சின் இருபதாயிரம் லுமன்? கையடக்க டார்ச்சில் அவ்வளவு வெளிச்சம் வந்தாலும், சூடேறிச் சில நிமிடங்களில் தானாகவே குறைந்துவிடும். மலிவு டார்ச்சுகளில் அந்த எண்ணே பொய். பேட்டரியிலும் இதே கதைதான்: 18650 எனப்படும் சார்ஜ் பேட்டரியில் 3,500 மில்லி ஆம்பியர்-மணிக்கு மேல் பெரிதாக ஏறாது. 9,900 என்று அச்சிட்டிருந்தால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். உண்மையிலேயே அவ்வளவு வெளிச்சம் வந்தாலும் நல்லதில்லை. அகன்று விரியும் ஒளி முதலில் பக்கத்துப் புல்லையும் தூசியையும் வெள்ளையடிக்கிறது. உங்கள் கண்மணி சுருங்கி, அதற்கப்பால் எல்லாம் கறுப்பாகிவிடும். ஈசல் வேறு முகத்தில் மொய்க்கும். விலங்குக்கோ இது கொடுமை. இருட்டுக்குப் பழகிய கண்ணில் அந்த ஒளி பட்டதும் முயல் திகைத்து நின்றுவிடுகிறது. தரையில் உட்கார்ந்த பக்கி அப்படியே ஒடுங்குகிறது. வேட்டைக்காரர்கள் நெற்றி லைட்டோடு போவது இதற்காகத்தான். அவர்களுடைய உத்தியையே நாமும் கையிலெடுக்கலாமா?

நான் சிபாரிசு செய்வது ஒற்றை 18650 பேட்டரி டார்ச். வெளிச்சத்தை நாலைந்து நிலைகளில் குறைக்க முடிய வேண்டும். மிகக் குறைந்த நிலை கட்டாயம் வேண்டும். நீலம் பாய்ந்த வெள்ளை எனக்குப் பிடிக்காது. 4,000 முதல் 5,000 கெல்வின் வரையிலான இளமஞ்சளில்தான் காட்டுப்பூனையின் மேல்நிறம் சருகிலிருந்து பிரிந்து தெரிகிறது. ஜூம் டார்ச் வேண்டாம்; ஒளியைக் குவித்தால் பாதிக்கு மேல் உள்ளேயே வீணாகும், தண்ணீரும் புகும். வெப்பம் காட்டும் கருவிகள் நல்லவைதான், ஆனால் மாணவர் கைக்கு எட்டாத விலை. முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒன்றைக் கட்டிவையுங்கள். இரவாடிகளின் கண்ணுக்குச் சிவப்பு அவ்வளவாக உறைக்காது.

டார்ச்சைத் தொடையருகே பிடிக்காமல் நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில், கண்மட்டத்தில் பிடியுங்கள். விலங்கின் விழித்திரைக்குப் பின்னாலிருக்கும் படலம் வந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. உங்கள் கண்ணும் அந்த வழியில் இருந்தால்தான் மினுக்கம் தெரியும். தேவாங்கு என்றால் ஆரஞ்சுச் சிவப்பு. புல்லில் பனித்துளி போல மின்னுவது பெரும்பாலும் ஓநாய்ச் சிலந்தி. மினுக்கம் தெரிந்ததும் வெளிச்சத்தைக் குறைத்து, ஒளியின் ஓரத்தை மட்டும் அதன்மேல் படவிட்டுப் பாருங்கள்.

கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். அதுவரை டார்ச்சை அணைத்துவிட்டுக் கரையில் உட்கார முடிகிற பிள்ளைக்குத்தான் இந்த வேலை ஒத்துவரும். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் தேவாங்குக்கென்றே 2022இல் கடவூர்ச் சரணாலயம் வந்த பிறகு, ஊரே அந்தப் பக்கம் ஓடப் பார்க்கிறது. ஓடுவதற்கு முன் உங்கள் ஊர்க் கண்மாயில் ஒரு ஆந்தையின் குரலைக் கேட்டு அது உட்கார்ந்திருக்கும் மரத்தைச் சொல்லப் பழகுங்கள். பெற்றோரே, பிள்ளைக்கு அதில் மனம் ஒட்டவில்லையென்றால் விட்டுவிடுங்கள். பகலில் வண்ணத்துப்பூச்சி பார்க்கட்டும்.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் இரவில் கால் வைக்கக் கூடாது. பட்டா நிலமானால் உரிமையாளரிடமும், கண்மாயானால் ஊரிலும் சாயங்காலமே சொல்லிவிடுங்கள். புதரைத் துழாவும் வெளிச்சத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு நீங்களும் முயல் வேட்டைக்காரரும் ஒன்றுதான்.