பதநீருக்கும் காடிக்கும் நடுவே

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை சிரிப்பதற்காக. வேலியோரத்து பிளாக்பெர்ரியை ஆகஸ்டில் பறித்து, எவர்சில்வர் அண்டாவில் பிசைந்து, சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு, வாயை வேட்டித் துணியால் கட்டி வைத்திருக்கிறீர்கள். தீபாவளியன்று ஆசையோடு அவிழ்த்தால் நெயில் பாலிஷ் வாடை. ஊரிலிருந்து வந்திருக்கும் உங்கள் மாமியார் வேறு, மருமகள் வீட்டிலேயே சாராயம் காய்ச்சுகிறாள் என்று தூத்துக்குடிக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

முதலில் மாமியார். காய்ச்சுவது என்றால் அடுப்பில் ஏற்றி ஆவியை வடித்தெடுப்பது. உரிமம் இல்லாமல் அதை வீட்டில் செய்வது இங்கிலாந்திலும் குற்றம்தான். நீங்கள் செய்தது புளிக்கவைத்தது. சொந்த உபயோகத்துக்கு வீட்டில் வைன் போட இங்கே உரிமம் வேண்டாம். விற்கப் போனால்தான் வம்பு. இதே அண்டா தமிழ்நாட்டில் இருந்திருந்தால் கதை வேறு. அங்கே 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிக்கக் கூடாது. ஆகவே அவர் பதறியதில் தப்பில்லை. சட்டத்தை ஊரிலிருந்து கையோடு கொண்டுவந்துவிட்டார், அவ்வளவுதான்.

இனி உங்கள் அண்டா. நீங்கள் வைன் செய்யத் தவறவில்லை. அது வைனாகத்தான் ஆனது. அநேகமாக செப்டம்பர் நடுவில், யாரும் பார்க்காத ஏதோ ஒரு வாரத்தில், குடிக்கும் பதத்தில் இருந்திருக்கும். பிறகு தாண்டிப் போய்விட்டது.

என் தாத்தா பனையேறி. பாளையில் கட்டும் கலயத்தின் உள்ளே அவர் சுண்ணாம்பு தடவினால் காலையில் பதநீர் இறங்கும். தடவாவிட்டால் அதே மரத்தின் அதே சாறு கள்ளாக இறங்கும். கள்ளை மூன்று நாள் திறந்து போட்டால் காடி. சாறு ஒன்றுதான்; முதல் படியில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக்குகிறது, அடுத்த படியில் வேறொரு நுண்ணுயிர் அந்தச் சாராயச் சத்தைத் தின்று புளிப்பாக்குகிறது. இந்த இரண்டாவது ஆசாமிக்குக் காற்று இல்லாமல் வேலை ஓடாது. 1860களில் பிரான்சின் ஓர்லியான் நகரத்துக் காடிப் பீப்பாய்களை ஆராய்ந்து லூயி பாஸ்டர் இதை விளக்கினார். தாத்தாவுக்கு பாஸ்டரைத் தெரியாது. ஆனால் கள்ளுக்கலயத்தை எத்தனை நேரத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்று தெரியும்.

உங்கள் வேட்டித் துணி ஈயைத் தடுத்தது, காற்றைத் தடுக்கவில்லை. காடி ஆகிற வழியில் வருகிற வாடைதான் அந்த நெயில் பாலிஷ் நெடி. பழ வைன் போடுவது என்பது, சாறு காடியை நோக்கி நடக்கும்போது நடுவழியில் அதைப் பிடித்து நிறுத்துவது. பிடிக்க இரண்டு தளவாடங்கள் வேண்டும். நாலரை லிட்டர் பிடிக்கும் டெமிஜான் என்கிற கண்ணாடிக் குடுவை. அதன் வாயில் செருக ஏர்லாக் என்கிற, தண்ணீர் நிறைத்த வளைந்த குழாய். உள்ளிருந்து வாயு குமிழியாக வெளியேறும், வெளிக்காற்று உள்ளே நுழையாது. தர்மக் கடைகளில் பழைய டெமிஜான்கள் தூசி படிந்து கிடக்கும். அந்தக் கால இங்கிலாந்தில் வீட்டு வைன் பெரிய மோகமாக இருந்ததன் மிச்சம் அவை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்த சர்க்கரை ரேஷன் 1953இல்தான் நீங்கியது. அதன் பிறகுதான் ஜனங்களுக்குக் கை துணிந்தது. 1960இல் ஒருவர் எழுதிய வைன் கையேடு பல வீட்டுச் சமையலறைகளில் இருந்தது. அவர் பெயர் சி. ஜே. ஜே. பெர்ரி. நான் கட்டியது அல்ல, நிஜமாகவே பெர்ரி.

பழத்துக்கு வருவோம். வைனுக்கு வளர்க்கும் திராட்சை முற்றும்போது எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரைதான். பிளாக்பெர்ரியில் நூற்றுக்கு ஐந்து இருந்தால் அதிகம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டெமிஜானுக்கு 1.8 கிலோ பழம் போட்டால் அதில் சர்க்கரை 90 கிராம். லிட்டருக்கு சுமார் 17 கிராம் சர்க்கரை ஒரு சதவீத ஆல்கஹால் ஆகும். அப்படியானால் உங்கள் தோட்டம் தன் பங்குக்குத் தருவது ஒன்றேகால் சதவீதம்கூட இல்லை. மீதி எல்லாம் கடைச் சர்க்கரை. இதைச் சொன்னால் தோட்டக்காரர்களுக்குக் கோபம் வரும், எனக்கும் முதலில் வந்தது. பழம் தருவது நிறம், மணம், புளிப்பு, நாக்கைக் கவ்வும் துவர்ப்பு. அதற்காகத்தான் இத்தனை முள் குத்து.

பழைய ஆங்கிலக் குறிப்புகள் ஒரு குடுவைக்கு மூன்று ராத்தல் சர்க்கரை சொல்லும், அதாவது 1.36 கிலோ. கேட்காதீர்கள். முடிவில் தலைவலியும் தித்திப்பும்தான் மிஞ்சும். 900 கிராம் போதும். பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து பன்னிரண்டு சதவீதத்துக்குச் சற்று மேலே நிற்கும்.

உங்கள் ஃப்ரீசரில் இன்னும் 3 கிலோ பழம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லதாயிற்று. உறைந்த பழத்தின் உள்ளறைகள் உடைந்திருக்கும், உருகும்போது சாறு தானாக வழியும். அதில் 1.8 கிலோவை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் கையால் பிசையுங்கள். மிக்ஸி வேண்டவே வேண்டாம், விதை அரைபட்டால் கசக்கும். பழத்தை வேகவைக்கவும் வேண்டாம். வெந்தால் ஜாம் வாசனை வரும். ஜாமை இறுக வைக்கிற பெக்டின் வைனில் கலங்கலாக நிற்கும். சர்க்கரையை மட்டும் வெந்நீரில் கரைத்து, நன்றாக ஆறவிட்டு ஊற்றுங்கள். பழத்தோடு சேர்த்து மொத்தம் நாலரை லிட்டருக்குச் சற்று அதிகமாக வரட்டும்.

அடுத்து கேம்ப்டன் மாத்திரை ஒன்றைப் பொடித்துப் போட வேண்டும். கோட்ஸ்வோல்ட்ஸில் உள்ள சிப்பிங் கேம்ப்டன் என்ற சிற்றூரின் பெயர் அது. நம் சுண்ணாம்புக்குச் சீமைத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு சாற்றைப் புளிக்கவே விடாது. இது பழத்தோலில் ஒட்டிவந்த காட்டு ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் அடக்கிவிட்டு ஒரு நாளில் தானும் அடங்கிவிடும். அரை நாள் கழித்து பெக்டினை உடைக்கிற என்சைம் பொடி ஒரு தேக்கரண்டி. முழு நாள் ஆனதும் வைன் ஈஸ்ட். ரொட்டி ஈஸ்ட்டும் அதே ஜாதிதான், சாராயமும் தரும். ஆனால் அடியில் ஒழுங்காகப் படியாது, ரொட்டி மணமும் போகாது.

முதல் ஐந்தாறு நாள் வாளியிலேயே இருக்கட்டும், மூடி தளர்வாக. இப்போது காற்று கெடுதல் இல்லை, ஈஸ்ட் பெருக அது தேவைகூட. மேலே எழும்பி நிற்கும் பழத்தொப்பியைக் காலையும் மாலையும் கரண்டியால் அமுக்கிவிடுங்கள். அமுக்காவிட்டால் அங்கேதான் பூசணம் பிடிக்கும். ஆறாம் நாள் மல் துணியில் வடித்து, பிழியாமல், டெமிஜானில் கழுத்துவரை நிரப்பி ஏர்லாக்கைச் செருகுங்கள். துவர்ப்பு போதவில்லை என்று பட்டால் அரை டம்ளர் கடுந்தேநீர் ஊற்றலாம். இது இங்கிலீஷ் பாட்டிமார் வித்தை, வேலை செய்கிறது.

இங்கிருந்து உங்கள் முக்கியமான வேலை, கையைக் கட்டிக்கொண்டு இருப்பது. அதில்தான் நான் தோற்றேன். என் இரண்டாம் வருடம், குமிழி நின்றுவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்து எலுமிச்சை ஸ்குவாஷ் பாட்டில்களில் ஊற்றி இறுகத் திருகி மாடிப்படிக்குக் கீழே அடுக்கினேன். டிசம்பர் குளிரில் ஈஸ்ட் தூங்கியிருக்கிறது. ஏப்ரலில் விழித்துக்கொண்டது. நள்ளிரவில் முதல் சத்தம் கேட்டபோது திருடன் என்று நினைத்து, கையில் தோசைக் கரண்டியோடு இறங்கினேன். சுவரின் ஊதாக் கறை வீட்டை விற்கிறவரை போகவில்லை. குமிழியை நம்பாதீர்கள், ஹைட்ரோமீட்டரை நம்புங்கள். சில பவுண்டுதான். ஆரம்பத்தில் 1.085 அளவில் மிதக்கும், 0.995க்கு இறங்கி, ஒரு வாரம் அங்கேயே நின்றால்தான் சர்க்கரை தீர்ந்தது என்று பொருள்.

பிறகு தெளிய வைப்பது. அடியில் படியும் மண்டியை விட்டுவிட்டு மேல்நீரை மட்டும் குழாயால் வேறு குடுவைக்கு இறக்க வேண்டும். குழாயின் இறங்குமுனை புதுக் குடுவையின் அடியைத் தொட்டபடி இருக்கட்டும். தளதளவென்று கொட்டினால் காற்றைக் கலந்து பழைய வில்லனுக்கு விருந்து வைத்த மாதிரி. ஒவ்வொரு முறை இறக்கும்போதும் கேம்ப்டன் மாத்திரை ஒன்று. மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை.

உங்கள் மாமியார் ஓய்வுபெற்ற தமிழாசிரியை என்று எழுதியிருந்தீர்களே, குடுவை தெளிகிற சமயம் பார்த்து அவரிடம் பேச்சுக் கொடுங்கள். தேறுவது என்றால் தெளிவது. தெளிந்த மதுவுக்கு நம் முன்னோர் வைத்த பெயர் தேறல். அரிப்பது என்றால் வடிகட்டுவது. வடித்த கள்ளுக்கு அரியல். மண்டியும் குழாயுமாக நாம் அல்லாடுகிற வேலையை இரண்டே சொல்லில் அடைத்துவிட்டார்கள். திருமுருகாற்றுப்படையின் கானவர்கள் தேன் தேறலை நெடிய மூங்கில் குழாயில் முற்றவைத்துக் குடிக்கிறார்கள். யவனர் கொண்டுவந்த தேறல் புறநானூறு 56இல் பாண்டியன் நன்மாறன் முன் வருகிறது, பாடியவர் நக்கீரர். நக்கீரர் பெயரைச் சொன்னால் தமிழாசிரியர்கள் கொஞ்சம் இறங்கி வருவார்கள் என்பது என் அனுபவம்.

ஆறு மாதத்தில் பாட்டிலில் அடைக்கலாம். வெளிச்சத்தில் நிறம் வெளுக்கும், கரும்பச்சை பாட்டில் தேடுங்கள். குடிக்க ஒரு வருடம் ஆகட்டும். அதை திராட்சை வைனோடு ஒப்பிட்டு விருந்தாளி முகம் சுளித்தால் அவருக்கு பீர் கொடுத்துவிடுங்கள்.

பிளாக்கரன்ட் செடி நடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நடுங்கள், ஆனால் பழம் கடும் புளிப்பு, குடுவைக்கு 1.3 கிலோவுக்கு மேல் போட்டால் பல் கூசும். பறிக்கிற காலம் பற்றி ஒன்று. மைக்கேல்மஸ் பண்டிகைக்குப் பிறகு பிளாக்பெர்ரியைப் பறிக்கக் கூடாது, சாத்தான் அதில் துப்பிவிடுவான் என்று இங்கத்துக் கிழவிகள் சொல்வார்கள். செப்டம்பர் கடைசியில் பழம் நீர்கோத்துப் பூசணம் பிடிப்பதைப் பார்த்தால், சாத்தான் சரியாகத்தான் வந்துபோகிறான்.

கடைசியாக, கெட்டுப்போன அந்த அண்டா. கொட்டாதீர்கள். பாதி வழி போனதை முழு வழியும் அனுப்பிவிடலாம். சம அளவு தண்ணீர் கலந்து, அதே வேட்டித் துணியைக் கட்டி, கதகதப்பான மூலையில் இரண்டு மாதம் வையுங்கள். நெடி பெரும்பாலும் அடங்கி நல்ல காடியாகிவிடும், சின்ன வெங்காயம் ஊறப்போட வாகாக இருக்கும். ஒன்றில் மட்டும் கண்டிப்பு: புது வாளி இருக்கிற அறையில் அதை வைக்காதீர்கள். பழ ஈ ஒன்று இங்கும் அங்கும் போய்வந்தால் போதும், அடுத்த தீபாவளிக்கும் நெயில் பாலிஷ்தான். கார் ஷெட்டில் வையுங்கள். பழப் பொட்டலத்தை இன்று ராத்திரியே ஃப்ரீசரிலிருந்து எடுத்து வாளியில் போட்டுவிடுங்கள், காலைக்குள் உருகிவிடும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்