பீர் காய்ச்சிய பெண்களும் சூனியக்காரிக் கதையும்

மகளிர் தினம் வந்தாலும் ஹாலோவீன் வந்தாலும் ஒரே கதை வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. அனுப்புகிறவர்கள் நன்றாகப் படித்தவர்கள். பொருளாதார வரலாறு கற்பிப்பவள் என்ற முறையில் கேட்கிறேன்: அனுப்புமுன் ஒரு புத்தகத்தையாவது புரட்டக்கூடாதா?

நம்பிக்கை: இடைக்கால இங்கிலாந்தில் பீர் காய்ச்சி விற்ற பெண்களின் கூம்புத் தொப்பி, துடைப்பம், கொப்பரை, பூனை ஆகியவைதான் சூனியக்காரியின் அடையாளங்கள் ஆயின. தொழிலைப் பறிக்க ஆண்கள் அவர்களைக் கொளுத்தினார்கள்.

உண்மை: எதுவும் தேறாது. உயரத் தொப்பி 17ஆம் நூற்றாண்டில் ஆணும் பெண்ணும் போட்டுக்கொண்டது. கொப்பரையும் துடைப்பமும் எல்லா வீட்டிலும் இருந்தன. இங்கிலாந்தில் சூனியக் குற்றத்துக்குத் தண்டனை தூக்கு; கொளுத்துவது வழக்கமில்லை.

பூனைக்கு வருவோம். 1566இல் செல்ம்ஸ்ஃபோர்டில் தூக்கிலிடப்பட்ட ஆக்னஸ் வாட்டர்ஹவுஸின் வாக்குமூலம் அச்சிலேயே இருக்கிறது. 'சாத்தான்' என்ற பூனையை ஏவி அக்கம்பக்கத்தாரின் வாத்துகளைக் கொன்றதாகவும், காய்ச்சிக்கொண்டிருந்த மதுவைக் கெடுத்ததாகவும் அதில் வருகிறது. கவனியுங்கள்: மது காய்ச்சிய வீடு பாதிக்கப்பட்ட வீடு. சூனியக்காரி என்று தண்டிக்கப்பட்டவளோ பக்கத்து வீட்டு ஏழைக் கிழவி.

பெண்கள் தொழிலை இழந்தது எப்படி என்பதை வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னட் 1996இல் ஒரு நூலாகவே எழுதிவிட்டார். 1300 வாக்கில் இங்கிலாந்தில் குடித்த 'ஏல்' என்ற பழைய வகை பீர் இட்லி மாவு மாதிரி, சில நாளில் புளித்துவிடும். அதனால் குடும்பப் பெண்கள் வீட்டிலேயே கொஞ்சமாகக் காய்ச்சி, மிஞ்சியதை விற்றார்கள். 1348இல் வந்த கொள்ளைநோய்க்குப் பிறகு ஒவ்வொருவரும் குடிக்கும் அளவு கூடியது. பெரிய ஆலைகள் வந்தன. ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைச் சேர்த்த பீர் கெடாமல் நாள்பட நின்றது, கப்பலேறியது. அதற்குப் பெரிய தொட்டியும் முதலும் கடனும் வேண்டும். மணமான பெண்ணோ தன் பெயரில் ஒப்பந்தம் போட முடியாது. செஸ்டர் நகரம் 1540இல் 14 முதல் 40 வயதுவரையான பெண்கள் மதுக்கடை நடத்தவே தடை போட்டது. பறித்தது சட்டமும் மூலதனமும்.

நம்பிக்கை: பீரில் ஹாப்ஸ் சேர்க்கக் கண்டுபிடித்தவர் கன்னித்துறவி ஹில்டகார்ட்.

உண்மை: அவர் 12ஆம் நூற்றாண்டுக்காரர். ஹாப்ஸையும் பீரையும் சேர்த்துக் கோர்பி மடத் தலைவர் அடல்ஹார்ட் 822லேயே எழுதிவிட்டார்.

நம்பிக்கை: சுமேரியாவில் பீர் காய்ச்சியது பெண்கள் மட்டுமே.

உண்மை: பீரின் தெய்வம் நின்காசி பெண்தான். ஆனால் கோயில், அரண்மனைக் கணக்குகளில் பீர் காய்ச்சிய ஆண்களும் இருக்கிறார்கள்.

பெண்களைப் பெருமைப்படுத்த வேண்டுமா? கிங்ஸ் லின் நகரில் பெரிய அளவில் மது காய்ச்சிய மார்ஜரி கெம்ப்பைப் பேசுங்கள். நன்றாகப் பொங்கி நின்ற நுரை திடீரென அமுங்கியதையும், பணம் போனதையும் தன் நூலிலேயே சொன்னவர் அவர். இந்த வரலாறு சொல்லும் பாடம் இதுதான்: இன்று வீட்டில் தொழில் செய்யும் பெண்ணின் உரிமம், வங்கிக் கணக்கு, கடன் மூன்றும் அந்தப் பெண்ணின் பெயரிலேயே இருக்கட்டும். கணவர் பெயரில் எழுதாதீர்கள். தொழில் பெருகும்போது கைமாறுவது அங்கேதான் தொடங்குகிறது.